ஒன்பது அங்குலம்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எரிக்கின் ஃபோன் அடித்தது. பேசியது ஃபேக்டரி வாட்ச்மேன் கோவிந்தப்பா. வழக்கமாக எரிக்கிடம் தமிழில்தான் பேசுவார். அன்றைக்குப் பதற்றத்தில் கன்னடம்தான் வந்தது.

"ஸார், நீரு ஒளகே பந்துபிட்டிதெ! பேக பன்னி ஸார்!"

தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்கிறார். எரிக் பல்கூட விளக்காமல் ஸ்கூட்டரை எடுத்தார். 2022 செப்டம்பர். விடிய விடியப் பெய்த மழையில் ஏதோ ஒரு ஏரி உடைந்து ஓசூர் ரோடு ஆறாகிவிட்டிருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து பொம்மனஹள்ளி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கடைசி ஒரு கிலோமீட்டர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

எரிக்குக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து மெஷின்களோடுதான் வாழ்க்கை. பதினொரு வருஷமாக ப்ரஹ்லாத் என்பவரின் ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் இன்சார்ஜ். முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்த சின்ன இடம். ப்ரஹ்லாதின் அப்பா மைசூர் சமஸ்தான காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பத்தில் தொழிலில் இறங்கிய முதல் ஆள் ப்ரஹ்லாத்.

அந்த ஃபேக்டரியின் உயிர் ஒரே ஒரு மெஷினில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து 2018-இல் வந்த ஃபைவ் ஆக்சிஸ் மெஷின். உலோகத்தை ஐந்து திசைகளில் திருப்பித் திருப்பிச் செதுக்கும். வளைந்த இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரத்தை ஒரே மூச்சில், ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வெட்டி எடுத்துவிடும். தண்ணீர் பம்ப்புக்கான சக்கரத்தை வெட்டுகிற அதே மெஷினால் ஏவுகணை எஞ்சினுக்கான சக்கரத்தையும் வெட்ட முடியும். அதனால்தான் அதை விற்கும் நாடுகள் யாருக்கு, எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கப்பலில் ஏற்றும்.

மெஷினைப் பொருத்த வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் போகும்போது எரிக்கைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினுக்குள் பூட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். மெஷினை இடம் மாற்றினால், கரண்ட் இல்லாவிட்டாலும், அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். அதன்பின் மெஷின் ஓடாது. கம்பெனி ஒரு கோட், அதாவது ரகசிய எண், கொடுத்தால்தான் திறக்கும். கம்பெனி அதைக் கொடுக்க அவர்கள் அரசாங்கம் சம்மதிக்க வேண்டும். அரை அடி நகர்த்துவதென்றாலும் முதலில் கடிதம் எழுதுங்கள் என்றார். எரிக் தலையாட்டினார். நாலு வருஷத்தில் அதை நகர்த்த வேண்டிய அவசியம் ஒருமுறைகூட வரவில்லை.

எரிக் உள்ளே நுழைந்தபோது தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மின்வாரியம் கரண்ட்டை நிறுத்திவிட்டிருந்தது. பொம்மனஹள்ளியிலேயே குடியிருந்ததால் சரசு முன்னாடியே வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்ன மோட்டார்களை எல்லாம் மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர் அவள்தான். டிப்ளமோ படித்தவள், முப்பது வயது. அவளைத் தவிர இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"அண்ணா, பின்னாடி காம்பவுண்ட் செவுரு உடைஞ்சிடிச்சி. இன்னும் ஏறும்ணா."

எரிக் குனிந்து பார்த்தார். மெஷினின் அடிப்பக்கம் மோட்டார் ஒயர்கள் சேரும் பெட்டி தரையிலிருந்து ஆறு அங்குல உயரத்தில் இருந்தது. தண்ணீர் நாலு அங்குலத்தைத் தொட்டிருந்தது. ப்ரஹ்லாதுக்கு மூன்று முறை ஃபோன் போட்டார். டெல்லியில் பாதுகாப்புத் துறை அதிகாரிகளோடு மீட்டிங். அவர் விமானத்தில் இருந்தார். ஃபோன் அணைந்திருந்தது.

"என்னாண்ணா பண்றது? தூக்கிடலாமா? ஜாக்கி ரெண்டு இருக்கு."

"தூக்கினா லாக் ஆயிடும் சரசு."

"தூக்கலைன்னா மோட்டார் போயிடும்ணா. உள்ள சேறு பூந்துடிச்சின்னா அப்பறம் லாக் ஆனா என்ன, ஆகலைன்னா என்ன?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. லாக் ஆனால் ஒரு கடிதத்தில் திறந்துவிடலாம், மெஷின் செத்தால் திரும்பாது என்று எரிக் கணக்குப் போட்டார். தரையோடு மெஷினைப் பிணைத்திருந்த போல்ட்டுகளின் நட்டுகளை அவரே தண்ணீருக்குள் கைவிட்டுக் கழற்றினார்.

ஒன்பது டன் எடை. ஒரு மூலையில் ஜாக்கி வைத்து அரை அங்குலம் ஏற்றி, இரும்புக் கட்டையைச் செருகி, அடுத்த மூலைக்குப் போனார்கள். இப்படியே மூன்று மணி நேரம். கோவிந்தப்பாவுக்கு அறுபது வயதிருக்கும், அவரும் தோள் கொடுத்தார். மெஷின் ஒன்பது அங்குலம் எழும்பியது. தண்ணீர் ஏழரை அங்குலத்தில் நின்றது.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்த ப்ரஹ்லாத், ஈரத் தரையில் நின்றபடியே எரிக்கைக் கட்டிக்கொண்டார். "எரிக், நீங்க இல்லேன்னா நான் க்ளோஸ்" என்றார். இரும்புக் கட்டைகள்மேல் நிற்கும் மெஷினைப் படமெடுத்து ஆபீஸ் க்ரூப்பில் போட்டார்.

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்தது. அதற்குள் மெஷினைப் பழைய இடத்திலேயே இறக்கி, போல்ட்டுகளை முறுக்கி, ஒவ்வொரு ஒயராகக் காயவைத்திருந்தார் எரிக். ஒரு துளி தண்ணீர்கூட உள்ளே போயிருக்கவில்லை. சரசு ஸ்விட்சைப் போட்டாள். திரை வந்தது. அதில் சிவப்பில் ஒரே ஒரு வரி: இயந்திரம் இடம் மாற்றப்பட்டுள்ளது, தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளவும்.

இரண்டு வாரத்தில் மெஷின் கம்பெனியின் இந்தியக் கிளையிலிருந்து ரித்விக் என்ற எஞ்சினியர் வந்தார். மாலூரில் பிறந்தவர், நல்ல பையன் என்றே எரிக் இன்றைக்கும் சொல்வார். வெள்ளம் வந்த தடயத்தைச் சுவரில் பார்த்தார், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டார், நாலு பக்கமும் படம் எடுத்தார்.

"மெஷின் அதே இடத்துல இருக்கு சார், அதுல ப்ராப்ளம் இல்ல. ஆனா எந்த வேலைக்கு ஓட்டறீங்கன்னு எண்ட் யூஸ் டிக்ளரேஷன் புதுசா எழுதித் தரணும். இப்ப ரூல்ஸ் ரொம்ப டைட் பண்ணிட்டாங்க. ஐரோப்பாவுல போர் ஆரம்பிச்சதிலேர்ந்து எல்லா ஃபைலையும் பெர்லின், பாரிஸ்னு மேல அனுப்பறாங்க. இந்தியா அவங்ககிட்டயும் ஆயுதம் வாங்குது, அவங்க எதிரிகிட்டயும் வாங்குது, அதனால நம்ம ஃபைல்னா இன்னும் ரெண்டு தடவை பாக்கறாங்க."

சிக்கல் அங்கேதான் இருந்தது. 2018-இல் மெஷின் வாங்கும்போது பம்ப் சக்கரங்களுக்கும் அதுபோன்ற சிவில் வேலைகளுக்கும் மட்டும் என்று ப்ரஹ்லாத் எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது அது உண்மையும்கூட. இரண்டு வருஷம் கழித்து, இன்னின்ன தளவாடங்களை இனி வெளிநாட்டிலிருந்து வாங்கப்போவதில்லை, உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் பட்டியல் போட்டது. அந்த அலையில் ப்ரஹ்லாதுக்கு ஒரு ஆர்டர் கிடைத்தது. ஏவுகணை எஞ்சினுக்குள் சுழலும், சாசர் அளவேயான ஒரு சக்கரம். வெளிநாட்டுப் பொருளுக்கு மாற்றாக இங்கேயே செய்யும் சக்கரம், அதைச் செய்யும் மெஷினோ வெளிநாட்டுடையது. பழைய டிக்ளரேஷனை மாற்றி எழுதினால் அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததால் ப்ரஹ்லாத் அதை மாற்றவில்லை. கேட்பார் யாரும் இல்லாதவரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. குடியரசு தின அணிவகுப்பில் அந்த ஏவுகணை போனதை ஃபேக்டரி டிவியில் பார்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு. ஆனாலும் சரசு தன் மாமியாரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ரித்விக் போனபின் ப்ரஹ்லாத் எரிக்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. இந்த மெஷின் இதுவரை சிவில் வேலைகளுக்கு மட்டுமே பயன்படுத்தப்பட்டது என்று அதில் இருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று உரிமையாளருக்கு, இன்னொன்று மெஷின் இன்சார்ஜுக்கு.

"சார், இது..."

"தெரியும் எரிக். படிச்சுத்தான் சொல்றேன். நாம என்ன திருடறோமா? நம்ம நாட்டுக்குத்தானே பண்றோம்? அவங்க ஊர் சட்டத்துக்கு ஒரு பேப்பர். அவ்வளவுதான்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன் சார்."

எரிக்கின் மனைவி மௌரீன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தாளை இரண்டு முறை படித்தாள்.

"பொய்யுன்னு தெரிஞ்சே போடறீங்களா?"

"முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க மௌரீன். நான்தான தூக்கினேன்."

"தூக்கினது தப்பில்ல. இது தப்பு. ஓனர் கையெழுத்து இருந்தா பத்தாதா? உங்க பேர் எதுக்கு?"

எரிக் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தும் வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் கேட்டிருந்தார்கள். எழுதினார்.

நாலு மாதம் பதில் வரவில்லை. அந்த நாலு மாதமும் சரசு தினமும் வந்து மெஷினைத் துடைத்தாள். மற்ற பழைய மெஷின்களில் பம்ப் வேலை கொஞ்சம் ஓடியது. ஏவுகணைச் சக்கரத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் முதலில் ஒரு மாதம் பொறுத்தார்கள், பிறகு எழுதிக் கேட்டார்கள், பிறகு வேலையை ஹைதராபாத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள்.

பிப்ரவரியில் பதில் வந்தது. ரித்விக் எடுத்த படங்களில் ஒன்றில், பின்னால் இருந்த அலமாரியில் ஒரு பிடிப்பான் தெரிந்தது. சக்கரத்தை வெட்டும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புத் துண்டு. அதில் குத்தியிருந்த வரைபட எண்ணை யாரோ பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அது பம்ப்புக்கான எண் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தது பொய். கோட் தரப்படாது. அந்தக் கம்பெனியின் வேறு எந்தப் பொருளும், உதிரிபாகமும் இந்த ஃபேக்டரிக்கு இனி வராது. வெட்டிய பாகங்களைத் தொட்டு அளவு பார்க்கும் மெஷினும் அவர்களுடையதுதான். ஆறு வாரத்தில் அதன் முனை தேய்ந்தபோது மாற்றிப்போட வழியில்லை. அளவு பார்க்க முடியாத இடத்துக்கு எவன் வேலை கொடுப்பான்?

ப்ரஹ்லாத் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"அந்த பிடிப்பானை எடுத்து வைக்கணும்னு உங்களுக்குத் தோணலியா எரிக்?"

"அவர் வர்றதுக்கு முன்னாடியே எல்லா பார்ட்டையும் எடுத்துட்டோம் சார். அது ஒண்ணு மேல் தட்டுல..."

"ஏன் தூக்கினீங்க முதல்ல? முழுகவிட்டிருந்தா இன்ஷூரன்ஸ் வந்திருக்கும். ரிப்பேருக்குன்னு மெஷின் கம்பெனிக்காரங்களே வந்திருப்பாங்க. புது மோட்டார் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருப்பாங்க. டிக்ளரேஷனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!"

அந்த யோசனை எரிக்குக்கு ஒருநாளும் வந்ததில்லை. மெஷினை முழுகவிடுவது என்பது அவருக்குத் தெரிந்த எந்த வழியிலும் சேராதது. ஆனால் ப்ரஹ்லாத் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று அந்த நிமிஷமே புரிந்தது. அதற்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கியதில்லை என்கிறாள் மௌரீன்.

ப்ரஹ்லாத் கெட்டவர் இல்லை. மறுநாளே மன்னிப்புக் கேட்டார். ஆனால் முந்தின நாள் அவர் கத்தியதைக் கதவுக்கு வெளியே நின்ற பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். ஏப்ரலில் இருபது பேரை நிறுத்தினார்கள், ஜூலையில் மிச்சப் பேரையும். நின்றுபோனவர்களில் சிலர் எரிக்கிடம் விடைபெறாமலே போனார்கள். கிரண் என்ற லேத் ஆபரேட்டர் மட்டும் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "நீங்க சும்மா இருந்திருந்தா நாங்க வேலைல இருந்திருப்போமே அண்ணா?"

சரசு பக்கத்திலேயே நின்றிருந்தாள். "நான்தான்டா தூக்கச் சொன்னேன், என்னைக் கேளு" என்றாள். கிரண் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சரசுவுக்குப் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது, ஒரு கான்ட்ராக்டர் மூலமாக. ஃபைவ் ஆக்சிஸ் ஓட்டத் தெரியும் என்று சொன்னாள். கான்ட்ராக்ட் ஆட்களை மெஷினில் விடமாட்டோம் என்றார்கள். யாரோ வெட்டித் தரும் பாகங்களின் கூர் ஓரங்களை அரத்தால் தேய்த்து மழுக்குவதுதான் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. விரல் நுனிகள் தேய்ந்து, கைரேகை வைக்கும் அட்டென்டன்ஸ் மெஷின் அவளை அடையாளம் காண மறுக்கிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எரிக்குக்கு அதுவும் கிடைக்கவில்லை. தேவனஹள்ளிப் பக்கம் விமான பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூவில் தேறினார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வரும் என்று காத்திருந்தவரை, பத்து நாள் கழித்து ஸ்ரீவித்யா என்ற ஹெச்.ஆர். மேனேஜர் நேரில் வரச்சொன்னார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"சார், நாங்க வெளிநாட்டுக் கஸ்டமருக்குப் பண்றோம். வேலைக்கு எடுக்கற ஒவ்வொருத்தர் பேரையும் ஒரு சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்கணும், அது கண்டிஷன். உங்க பேர் வருது."

"எதுல வருது மேடம்?"

"தப்பான டிக்ளரேஷன் குடுத்தவங்க லிஸ்ட்ல. அந்த மெஷின் கம்பெனியோடது. மத்தவங்களும் அதை வாங்கி வெச்சிருக்காங்க."

"ஓனர் பேரும் இருக்கா?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இருக்கு. ஆனா அவர் என்கிட்ட வேலை கேட்டு வரலியே சார்."

இன்னும் மூன்று இடத்தில் இதே கதை. இரண்டு இடத்தில் காரணம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் தொம்மலூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் மெயின்டெனன்ஸ் வேலை கிடைத்தது. ஜெனரேட்டர், லிஃப்ட், சாக்கடை மோட்டார். ஒரு மைக்ரானுக்கும் கணக்குச் சொன்ன மனுஷன் பேஸ்மென்ட்டில் சாக்கடை பம்ப்பைக் கழற்றி, சிக்கியிருக்கும் துணியை உருவி எடுப்பார். மெம்பர்கள் க்ரூப்பில் "ஏன் இன்னும் சரியாகவில்லை?" என்று கேட்பார்கள். வேலை கேவலம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் யாராவது பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

மௌரீன் விடவில்லை. பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்லி மெஷின் கம்பெனிக்கு மாதம் ஒரு மெயில் எழுதினாள். நடந்ததை மறைக்காமல், கையெழுத்துப் போட்டது தப்பு என்றும் ஒத்துக்கொண்டு எழுதினாள். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் தானாகப் பதில் போடும்.

2024 கடைசியில் மெஷினை விற்ற நாட்டின் தலைவர் டெல்லிக்கு வந்தார். இரண்டு நாடுகளும் பாதுகாப்புத் தொழிலில் கூட்டாளிகள் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ராணுவத் தளவாடங்களைச் சேர்ந்தே தயாரிக்கலாம், அனுமதிகள் எளிதாகும் என்று பேப்பரில் வந்தது. எரிக் அதைப் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ரித்விக் ஃபோன் செய்தார்.

"சார், உங்க மெஷினுக்கு க்ளியரன்ஸ் வந்துடுச்சு. மிலிட்டரி வேலைக்கும் சேத்து! கோட் என் கையில இருக்கு."

எரிக் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்தார். "எதுக்கு வந்துது?" என்று மட்டும் கேட்டார்.

"அக்ரிமென்ட் போட்டாங்கல்ல சார். பழைய ஃபைல் எல்லாம் மொத்தமா க்ளோஸ் பண்றாங்க."

பொம்மனஹள்ளி ஃபேக்டரியை அதற்குள் ஒரு கூரியர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு மூலையில் தார்ப்பாயின் கீழே மெஷின் மட்டும் நின்றது. அனுமதியில்லாமல் அதை விற்கவும் முடியாது, உடைத்து இரும்புக்குப் போடவும் முடியாது. பார்சல் பெட்டிகளை ஒதுக்கி வழி செய்தார்கள். ப்ரஹ்லாத் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. ரித்விக் அந்த ரகசிய எண்ணை அடித்தார். சிவப்பு வரி போய், பச்சை விளக்கு எரிந்தது. எரிக் ஒவ்வொரு அச்சாக மெதுவாக ஓட்டிப் பார்த்தார். இரண்டு வருஷம் நின்றும் ஒரு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் படாத மெஷின் அல்லவா?

"ஹைதராபாத் பார்ட்டி ஒண்ணு கேக்கறாங்க" என்றார் ப்ரஹ்லாத், அவரைப் பார்க்காமல். "நம்ம ஆர்டர் போச்சே, அவங்கதான். எனக்கு மறுபடி ஆரம்பிக்கத் தெம்பில்ல எரிக். அடுத்த வாரம் லாரி வருது, இடம் மாத்த பர்மிஷனும் வாங்கியாச்சு. நீங்க கூட இருந்து கழட்டி ஏத்திக் குடுத்தா..."

"வரேன் சார்."

ரித்விக் தன் டூல் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். எரிக் அவரிடம் கேட்டார். "எல்லா ஃபைலும் க்ளோஸ்னு சொன்னீங்களே, என் பேரு?"

ரித்விக் பெட்டியைக் கீழே வைத்தார். "நான் கேட்டேன் சார். சத்தியமா கேட்டேன். மெஷினுக்கு, உங்க கம்பெனிக்கு ரிலீஸ் குடுக்க ஆர்டர் இருக்கு. தனி ஆளுக்கு அதுல ஒண்ணும் சொல்லல. யார் கையெழுத்துப் போட்டு எடுக்கணும்னே அவங்களுக்குத் தெரியல."

"ப்ரஹ்லாத் சார் பேரு?"

"கம்பெனியோட சேந்து போயிடுச்சு."

எரிக் தலையாட்டினார். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஓசூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சரசு கூப்பிட்டாள். செய்தி அவளுக்குப் போயிருந்தது.

"அண்ணா, மெஷின் ஓடுதாமே! நெஜமாவா?"

"ஓடுதுமா. நல்லா ஓடுது."

"எங்க வெக்கறாங்க? நம்ம ஏரியாவா? ஊருக்கு அந்தக் கோடில பீன்யாவா இருந்தாலும் பரவால்லண்ணா, நான் வந்துருவேன். ஆபரேட்டர் வேணும்ல?"

எரிக் ஹைதராபாத் என்றார்.

"சரிண்ணா. எனக்கு ஷிஃப்டுக்கு மணியாயிடிச்சி" என்றாள் சரசு. "நீங்க சாப்ட்டீங்களா?"

இன்னும் இல்லை என்றார். வைத்துவிட்டாள். எரிக் தொம்மலூர் பஸ் பிடித்து வேலைக்குப் போனார்.